கறுப்புக் கட்டையும் வெள்ளைக் கட்டையும்

ஆர்மோனியத்தை அறியாத நேயர் நம்முள் எவரும் இரார். நாடகக் கொட்டகையிலும் பசனை மடத்திலும் நாம் கேட்டுப் பழகிய வாத்தியம் அது. அதன் முகப்பிலே வெள்ளைக் கட்டைகளும் கறுப்புக் கட்டைகளும் நிரையாக அமைந்திருக்கின்றன. ஒரு நிறத்துக் கட்டைகளை மாத்திரம் தொட்டு வாசித்தாலும் ஏதோ ஒரு மெட்டு எழும். ஆயினும் இசை நிறைவெய்த வேண்டுமாயின் இரு நிறக் கட்டைகளும் ஒருங்கே ஒலித்தல் வேண்டும். மேற்கு ஆபிரிக்காவிலே பிறந்த ஓர் ஆசிரியர், பியானோவை உவமையாகக் கொண்டு, இக்கருத்தைத் தம் சொற்பொழிவுகளில் எடுத்துரைத்து வந்தார். அவர் தொடக்கத்திலே பங்குகொண்ட கல்லூரியும் அவ்வுவமையையே தன் சின்னமாகக் கொண்டது. அக்கல்லூரியின் கேடயத்திலே இன்றும் கறுப்பும் வெள்ளையுமான பியானோக் கட்டைகளைக் காணலாம். அதன் பெயர் அச்சிமோட்டா.

அச்சிமோட்டா, இன்று கானா என வழங்கும் நாட்டின் தலைநகராகிய அக்ராவுக்கு அருகே உள்ளது. அந்நாடு 1957-ஆம் ஆண்டு சுதந்திரம் பெறும் வரை, பிரித்தானியரால் பொற்கரை என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கப்பட்டது. அங்கே காடாய்க் கிடந்த ஒரு மேட்டு நிலத்துக்கு அவ்வூர்க் கா மக்கள் இட்ட பெயரே அச்சிமோட்டா. பெயரைச் சொல்லாதே என்பது அதன் பொருள். அடிமை வாணிகம் நடந்த காலத்திலே தப்பியோடிய அடிமைகள் அக்காட்டிலே ஒளிந்திருந்தனர் என்றும், அவர்களின் பெயரையோ அவர்கள் இருந்த இடத்தின் பெயரையோ வாய்விட்டுச் சொல்லலாகாது என்பதனால் அப்பெயர் உண்டாயிற்று என்றும் கூறுவர். அஞ்சி ஒளிந்தவருக்கு நிழல் தந்த அக்காட்டிலே ஒரு கல்விக் கூடம் எழுந்தது.

அக்கல்விக் கூடம் எழுந்த வரலாற்றிலே அமெரிக்க அம்மையார் ஒருவரின் அறக்கொடையும், கனடாவிலே பிறந்த தேசாதிபதி ஒருவரின் உறுதியும், ஆபிரிக்க ஆசிரியர் ஒருவரின் நாவன்மையும், நம் கண்டி மாநகரிலே இருபது ஆண்டு பணியாற்றிய அதிபர் ஒருவரின் அநுபவமும் ஒன்றுகூடின. இவற்றுள் கண்டியின் தொடர்பிலிருந்தே தொடங்குவோம்.

அலெக் கார்டன் பிரேசர் ஸ்கொத்லாந்து நாட்டவர், மிஷனரியார். உகண்டாவிலே சில ஆண்டு பணியாற்றிய பின், 1904-ஆம் ஆண்டு கண்டித் திரித்துவக் கல்லூரியின் அதிபராக வந்தார். அக்காலத்திலே இந்நாட்டின் உயர்தரக் கல்லூரிகளில் ஆங்கிலம் கோலோச்சியது. ஆங்கிலம் கற்றுத் தேர்ந்த பிள்ளை தன் பெற்றோரின் மொழியிலே செம்மையாக எழுதவும் பேசவும் அறியாதிருப்பது ஒரு குறையாகவே எண்ணப்படவில்லை. பிரேசர் அதனைக் குறையென்றே கண்டார். தன் மக்களோடு உரையாட இயலாதவன் அம்மக்களுக்குத் தொண்டு செய்தல் எங்ஙனம் என்பது அவரது வினா. ஆகவே சிங்களத்தையும் தமிழையும் கல்லூரிப் பாடங்களாக்கினார். அவர் காலத்திலே தொடங்கப்பட்ட கல்லூரித் தேவாலயமும் ஐரோப்பிய மாதிரியிலன்றி, பண்டைச் சிங்களக் கட்டடக் கலையைத் தழுவி, செதுக்கிய கருங்கற்றூண்கள் தாங்க எழுந்தது. 1924-இல் அவர் கண்டியை விட்டு நீங்கியபோது, அந்நிய மொழியிலே நடக்கும் கல்வி ஒரு பிள்ளையைத் தன் வீட்டிலிருந்து பிரித்துவிடக்கூடும் என்னும் பாடத்தையும் உடன் கொண்டு சென்றார்.

அதே காலத்திலே பொற்கரையின் தேசாதிபதியாயிருந்தவர் சேர் கோர்டன் குகிஸ்பேர்க். நில அளவைத் துறையிலே தேர்ந்த படைவீரர். 1919 முதல் 1927 வரை அந்நாட்டை ஆண்டவர். தக்கொறாடித் துறைமுகமும் கோர்லே பூ மருத்துவமனையும் அவர் முயற்சியால் அமைந்தவை. எனினும் துறைமுகத்தினும் மருத்துவமனையினும் பள்ளிக்கூடமே நாட்டின் முதற்றேவை என்று அவர் கருதினார். கல்விக்கென 16 கொள்கைகளை வகுத்து வெளியிட்டார். பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளைப் போன்று வாய்ப்பு அளித்தல், நாட்டு மொழிகளைக் கற்பித்தல், நல்லாசிரியரைப் பயிற்றுதல் என்பன அவற்றுள் அடங்கும். அக்கொள்கைகளுக்கு உருவம் தரத்தக்க கல்லூரி ஒன்றை அச்சிமோட்டாவிலே கட்டத் துணிந்து, அதன் முதல் அதிபராகுமாறு பிரேசரை அழைத்தார்.

இனி அமெரிக்க அறக்கொடையைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். நியூயோர்க்கிலே வாழ்ந்த கரோலின் பெல்ப்ஸ் ஸ்ரோக்ஸ் என்னும் செல்வச் சீமாட்டி, தம் பொருளின் ஒரு பகுதியைக் கறுப்பின மக்களின் கல்வி முதலிய நற்பணிகளுக்கென எழுதிவைத்து இறந்தார். அதனைக்கொண்டு 1911-ஆம் ஆண்டு பெல்ப்ஸ் ஸ்ரோக்ஸ் நிதியம் நிறுவப்பட்டது. அந்நிதியம் 1920-ஆம் ஆண்டு ஆபிரிக்கக் கல்வியின் நிலையை ஆராய ஒரு குழுவை அனுப்பியது. அக்குழுவிலே இடம்பெற்ற ஒரே ஆபிரிக்கர் ஜேம்ஸ் எம்மன் குவெகிர் அக்ரி. நாம் தொடக்கத்திலே கூறிய பியானோ உவமைக்கு உரியவர் இவரே.

அக்ரி 1875-ஆம் ஆண்டு பொற்கரையிலுள்ள அனோமாபு என்னும் கடற்கரைப் பட்டினத்திலே பிறந்தார். 1898-இல் அமெரிக்கா சென்று, வட கரோலினா மாநிலத்துச் சால்ஸ்பரியிலுள்ள லிவிங்ஸ்டன் கல்லூரியிலே கற்று, பின்னர் அங்கேயே ஆசிரியராய் இருபது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார். மனைவி மக்கள் அங்கே. தாய்நாடோ கடலுக்கு அப்பால். குழுவோடு தாய்நாடு திரும்பியபோது மக்கள் அவரைக் காணவும் கேட்கவும் திரண்டனர். குகிஸ்பேர்க்கும் அவரது ஆற்றலைக் கண்டுகொண்டார். பிரேசர், அதிபர் பதவியை ஏற்பதற்கு, அக்ரியும் தம்மோடு ஆசிரியராய் வருதல் வேண்டும் என்று கேட்டார். உப அதிபருக்கு அடுத்த நிலையில் அக்ரி நியமனம் பெற்றார். ஆளும் இனத்தவரும் ஆளப்படும் இனத்தவரும் ஒரே மேசையைச் சூழ அமர்ந்து ஒரு கல்லூரியை நடத்துதல் அக்காலக் குடியேற்ற நாடுகளில் எளிதிற் காணத்தக்கதன்று.

ஆயினும் இம்முயற்சியை எல்லோரும் கைகொட்டி வரவேற்றனர் என்று எண்ணிவிடலாகாது. ஆபிரிக்கருக்கு ஆபிரிக்கச் சூழலுக்கேற்ற கல்வி என்னும் சொல் கேட்பதற்கு இனியது. ஆனால் அச்சொல்லினுள்ளே ஒரு பொறியும் மறைந்திருக்கலாம் அன்றோ? உமக்கு மண்வெட்டியும் உளியும் போதும், இலத்தீனும் கணிதமும் எமக்கு என்று சொல்லாமற் சொல்லும் சூழ்ச்சியாக அது முடியலாம். பெல்ப்ஸ் ஸ்ரோக்ஸ் குழுவின் கல்விக் கருத்துகளை அமெரிக்கக் கறுப்பின அறிஞராகிய டூ போய்ஸ் இக்காரணம் பற்றியே கடுமையாகக் கண்டித்தார். பொற்கரையிலே கற்றவர் பலரும் ஐயுற்றனர். கொடுப்பவன் கை மேலிருக்கும். வாங்குபவன் கை கீழிருக்கும். கொடுப்பவன் எதனைக் கொடுக்கிறான், எதனைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறான் என்று வாங்குபவன் பார்ப்பது இயல்பேயாகும்.

அச்சிமோட்டா அவ்வையத்துக்கு விடை கூறியதெவ்வாறு? இரண்டையும் கற்பிப்பதே அதன் விடையாயிற்று. மழலைப் பள்ளி முதல் பல்கலைக்கழக இடைநிலை வகுப்பு வரை அங்கே பாடங்கள் அமைந்தன. ஆங்கிலமும் கணிதமும் விஞ்ஞானமும் குறைவின்றி நடந்தன. அவற்றோடு துவி, பாந்தி, கா, எவே முதலிய நாட்டு மொழிகளும் கற்பிக்கப்பட்டன. பல குலத்துப் பிள்ளைகள் தத்தம் முழவுகளை முழக்கித் தத்தம் ஆடல்களை ஆடக் கல்லூரி இடமளித்தது. ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒரே வளவிலே கற்றனர். ஆடவன் ஒருவனுக்குக் கல்வி அளித்தால் அது அவனோடு நிற்கும், பெண்ணுக்கு அளித்தால் அது குடும்பம் முழுவதையும் சென்றடையும் என்னும் கருத்து அக்ரியின் பெயரோடு இணைந்து வழங்குகிறது. அவர் அதனை மேடையிலே பேசியதோடு நில்லாமல், பெண்கல்விக்காகக் கல்லூரித் திட்டத்தினுள்ளும் வாதாடினார்.

1927-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆந் திகதி கல்லூரி முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. அக்ரி அதன் பின் நெடுநாள் வாழ்ந்தாரல்லர். அவ்வாண்டு விடுமுறையில் அமெரிக்கா சென்றவர், ஜூலை 30-ஆந் திகதி நியூயோர்க்கிலே திடீரெனக் காலமானார். அப்போது அவருடைய இளைய மகனுக்கு ஒரு வயது நிரம்பிச் சில நாட்களே ஆகியிருந்தன. தந்தையின் முகத்தை நினைவிலே கொள்ள வாய்ப்பில்லாத அக்குழந்தையே, பிற்காலத்திலே 1973-ஆம் ஆண்டு அமெரிக்காவின் தூதுவராக மேற்கு ஆபிரிக்க நாடாகிய செனகலுக்குச் சென்ற ருடொல்ப் அக்ரி ஆவார்.

அக்ரி மறைந்த பின்னும் அவர் விட்டுச் சென்ற வினா மறையவில்லை. அந்நியர் அமைத்த கல்விக் கூடத்திலே நாட்டுக் கலைக்கு உண்மையான இடம் உண்டா? அல்லது விழா நாளிலே காட்சிக்கு வைக்கும் பொருளாக மாத்திரம் அது இருக்குமா? இவ்வினாவுக்கு இசையிலும் மட்கலத்திலும் கிடைத்த விடைகளை நோக்குவோம்.

எப்ராயிம் அமு 1899-இல் எவே மக்களிடையே பிறந்தவர். அக்ரோப்போங் என்னும் ஊரிலே மதச் சார்பான ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் இசை கற்பித்து வந்தார். ஐரோப்பிய இசையை முறைப்படி கற்றவராயினும், தம் மக்களின் மொழியிலே தம் மக்களின் தாளத்திலே பாடல்களை இயற்றினார். மேலங்கியையும் கழுத்துப் பட்டியையும் நீக்கி, தம் நாட்டார் உடுக்கும் ஆடையை உடுத்தே ஆலயத்திலே பிரசங்கித்தார். நாட்டு முழவையும் வழிபாட்டிலே முழக்க விழைந்தார். மேலோர் அதனைப் பொறுக்கவில்லை. 1933-இல் அவர் பதவியிழந்தார். உடுத்த ஆடைக்காகவும் தட்டிய முழவுக்காகவும் பதவியிழந்த அவ்வாசிரியரை அச்சிமோட்டா வரவேற்றது. அங்கே அவர் நாட்டு உடையோடு நாட்டு இசையைக் கற்பித்தார். மூங்கிற் குழலைப் பள்ளிகளிலே பரவச் செய்தார். பின்னர் இலண்டனிலுள்ள இராயல் இசைக் கல்லூரிக்கும் சென்று கற்றுத் திரும்பினார். அவர் 1929-ஆம் ஆண்டு இயற்றிய தாய்நாட்டுப் பாடலைக் கானா மக்கள் நாட்டு விழாக்களிலே இன்றும் பாடுகின்றனர். கானாவின் தேசிய கீதத்துக்கு மெட்டமைத்த பிலிப் கிபேகோவும் அச்சிமோட்டாவின் இசையாசிரியருள் ஒருவரே.

மட்கலத்தின் வரலாறு இத்துணை நேரானதன்று. ரஷ்ய நாட்டிலே பிறந்த மெயரோவிட்ஸ் என்னும் சிற்பி 1930-களின் பிற்பகுதியிலே அச்சிமோட்டாவின் கலையாசிரியராக வந்தார். மரம் செதுக்குவோர், நெய்வோர், குயவர் ஆகியோரின் கைத்திறனைக் கொண்டு மேற்கு ஆபிரிக்கருக்கு நல்வாழ்வு அமைக்கலாம் என்று பெருங்கனவு கண்டார். 1942-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் புகழ்பெற்ற குயவராகிய மைக்கேல் கார்டியூ அங்கு வந்து சேர்ந்தார். உலக யுத்தம் நடந்த காலம் அது. கப்பல்வழிச் சரக்குகள் அருகின. ஆகவே அலாஜோ என்னுமிடத்திலே பெருஞ் சூளைகள் அமைத்து, ஓடும் கலங்களும், இறப்பர்ப் பாலை ஏந்தும் கிண்ணங்களும் பெருந்தொகையாகச் செய்ய முற்பட்டனர். மண் பிளந்தது, மெருகு ஒட்டவில்லை, சூளைகள் இடரளித்தன. கைத்தொழிலை அவசரமாகப் பெருந்தொழிலாக்க முயன்றதன் பயன் அது. 1945-இல் மெயரோவிட்ஸ் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். முயற்சியும் கைவிடப்பட்டது.

நன்னோக்கத்தோடு தொடங்கிய பணி நல்ல முறையிலே முடியும் என்பதற்கு உறுதியில்லை. பொருளும் இருந்தது, புலமையும் இருந்தது, இரக்கமும் இருந்தது. அந்நாட்டு மண்ணின் இயல்பைப் பொறுமையோடு அறியும் அவகாசம் மாத்திரமே இருக்கவில்லை.

கார்டியூ அத்தோல்வியோடு ஊர் திரும்பவில்லை. வோல்ட்டா நதிக்கரையிலே, குயத்தொழில் பரம்பரையாய் நடந்துவந்த வூமே என்னும் சிற்றூருக்குச் சென்று, சிறு சூளை ஒன்றை அமைத்துக்கொண்டு, நோயுற்று நாடு திரும்பும் வரை, 1948 வரை, அங்கே தங்கினார். பெருந்தொகையாய்ச் செய்யும் எண்ணம் அவரை விட்டு அகன்றது. மண்ணை அறிவதே வேலையாயிற்று. பின்னர் நைஜீரிய அரசாங்கத்தின் பணியிலே மீண்டும் மேற்கு ஆபிரிக்கா வந்தார். அபுஜா என்று அப்போது வழங்கிய ஊரிலே 1950-களின் தொடக்கத்தில் ஒரு குயத்தொழிற் பயிற்சி நிலையம் அமைத்தார். அவ்வூரே இன்று சுலேஜா எனப்படுகிறது. அதன் பழைய பெயர் பின்னர் நைஜீரியாவின் புதிய தலைநகருக்குச் சூட்டப்பட்டது.

அவ்வூர் எமீரின் மாளிகையிலே கார்டியூ சில நீர்ப்பானைகளைக் கண்டார். பருத்த வயிறும் ஒடுங்கிய கழுத்தும் உடையவை. அவற்றின் மேல் பல்லியும் தேளும் முதலையும் கோடுகளாய்க் கீறப்பட்டிருந்தன. அவற்றை வனைந்தவர் குவாலி என்னும் கிராமத்துப் பெண் லாடி குவாலி. அப்பகுதியிலே பானை வனைதல் பெண்களின் தொழில். அவர்கள் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. மண்ணைத் திரித்து வளையமாக அடுக்கி, பானையைச் சுற்றித் தாமே நடந்து வனைவர். கார்டியூ நிறுவிய நிலையத்திலோ ஆடவரே சக்கரத்தில் வனையக் கற்று வந்தனர். 1954-ஆம் ஆண்டு லாடி குவாலி அங்கு சேர்ந்த முதற் பெண்ணானார். அவர் சக்கரத்திலே வனையவும் கற்றார். ஆயினும் தம் தாயர் மரபிலே வந்த முறையைக் கைவிட்டாரல்லர். அவ்வாறு வனைந்த பானைகளுக்கே மெருகிட்டு, விறகுச் சூளையின் கடுவெப்பத்திலே சுட்டனர். ஆபிரிக்கப் பெண்களின் வடிவும் ஆங்கிலக் குயவர் கொணர்ந்த மெருகும் ஒரே கலத்திலே கூடின. அவரைத் தொடர்ந்து வேறு பெண்களும் அந்நிலையத்துக்கு வந்தனர்.

1958-ஆம் ஆண்டு முதல் அக்கலங்கள் இலண்டனிலே காட்சிக்கு வைக்கப்பட்டன. பள்ளிக்கூடம் சென்று பட்டம் பெறாத லாடி குவாலிக்கு அகமது பெல்லோ பல்கலைக்கழகம் 1977-இல் கௌரவக் கலாநிதிப் பட்டம் அளித்தது. நைஜீரியாவின் 20 நைராத் தாளிலே இன்று அவரது உருவம் பொறிக்கப்பட்டுள்ளது. நாள்தோறும் சந்தையிலே கைமாறும் அத்தாளிலே ஒரு கிராமத்துக் குயத்தி பானை வனைந்துகொண்டிருக்கிறார்.

அச்சிமோட்டாவின் விளைவுகளை வேறு வகையாலும் கணிக்கலாம். கானாவின் முதற் பிரதமர் குவாமே என்குருமா அங்கே ஆசிரியப் பயிற்சி பெற்றவர். அக்ரியின் சொற்கள் தம்மை எழுப்பியதை அவரே எடுத்துரைத்திருக்கிறார். காம்பியாவின் தலைவரான ஜவாரா, கானாவின் சனாதிபதிகளான ரோலிங்ஸ், அற்றா மில்ஸ் ஆகியோரும் அங்கே கற்றவர்கள். 1948-இல் தொடங்கிய பொற்கரைப் பல்கலைக்கழகக் கல்லூரியும் அவ்வளவிலேயே தவழ்ந்து, பின்னர் லேகோனுக்கு இடம்பெயர்ந்தது. ஆளும் அரசு கட்டிய கல்லூரியிலே அவ்வாட்சியை முடிவுறுத்தியவர் பயின்றமை வரலாற்றின் விந்தையாகும்.

எனினும் தலைவர்களின் பட்டியலைக்கொண்டு மாத்திரம் ஒரு கல்விப் பணியை அளந்துவிடலாகாது. அங்கே கற்ற பிள்ளை விடுமுறையிலே வீடு திரும்பும்போது தாயோடு எம்மொழியிலே பேசியது? அவள் பாடும் பாட்டைக் கேட்டு நாணியதா, உடன் பாடியதா? அவள் வனைந்த பானையை ஒதுக்கியதா, கையிலெடுத்து வியந்ததா? ஒரு குடும்பத்துக்குக் கல்வியாலும் கலையாலும் உதவி செய்ய வருவோர் எவராயினும் இவ்வினாக்களுக்கு விடை கூறியே ஆகவேண்டும். கண்டியிலே பிரேசர் எதிர்கொண்ட வினாவும் இதுவே. ஆங்கிலக் கல்வியால் உயர்ந்த எம்முடைய குடும்பங்களும் தமக்குள்ளே கேட்டுப் பார்த்திருக்க வேண்டிய வினாவும் இதுவே.

அலாஜோவிலே கார்டியூ கற்பிக்க முற்பட்டார், தோற்றார். வூமேயிலே கற்கத் தொடங்கினார். அபுஜாவிலே கற்பிக்கவும் கற்கவும் செய்தார். அங்கேதான் நிலைத்த பயன் விளைந்தது. அமுவுக்கு அச்சிமோட்டா அளித்த பேருதவி, அவர் உடையை மாற்றச் சொல்லாது விட்டதேயாகும். கொடுக்க வந்தவர் தாமும் மாணாக்கராய் அமர்ந்த இடங்களிலே கொடை வேரூன்றியது.

அடுத்த முறை ஆர்மோனியம் ஒலிக்கக் கேட்கும்போது, வாசிப்பவரின் விரல்களைச் சற்றே கவனியுங்கள். அவை வெள்ளைக் கட்டையிலிருந்து கறுப்புக் கட்டைக்கும், கறுப்புக் கட்டையிலிருந்து வெள்ளைக் கட்டைக்கும் ஓயாது சென்று மீளும். எதற்கு எது உதவி செய்தது என்று கேட்டால் அந்த வாத்தியக்காரருக்கு வினாவே விளங்காது.